வருகைப் பதிவேட்டின் கடைசி எட்டுப் பேர்

ஆப்பிரிக்க வரலாற்றுத் தாளை உங்கள் தலையில் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வருத்தப்படாதீர்கள். எங்கள் துறையில் அது எப்போதும் கடைசியாக வந்து சேர்ந்தவருக்குத்தான் போகும். சங்க காலம் மூத்தவருக்கு, சுதந்திரப் போராட்டம் துறைத்தலைவருக்கு, ஆப்பிரிக்கா புது ஆளுக்கு. நானும் அப்படித்தான் வாங்கினேன். பிறகு எத்தனையோ புது ஆட்கள் வந்தார்கள், நான் அதை விடவில்லை. ஆப்பிரிக்காவின் மேல் இருந்த பிரியத்தால் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தத் தாளில் கேள்வி கேட்கிற அளவுக்கு வகுப்பில் யாருக்கும் ஒன்றும் தெரியாது, அந்த ஒரு வசதிதான். தென்காசியில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓட்டினேன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எனக்கு முன்னால் அந்தத் தாளை நடத்தியவர் போகும்போது பழுப்பேறிய ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். “ஒண்ணும் யோசிக்காதீரும். இத அப்படியே வாசியும். பெல் அடிச்சிரும்” என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. வாசித்தேன், பெல் அடித்தது. அந்த நோட்டில் பணமும் அடிமை முறையும் என்ற தலைப்பின் கீழ் மூன்று வாக்கியங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவில் பணம் கிடையாது, பண்டமாற்றுதான். வெள்ளைக்காரன் கப்பலில் வந்தான். அவனோடு பணமும் அடிமை முறையும் வந்தன. நடு வாக்கியத்தில் மட்டும் உண்மை உண்டு. மற்ற இரண்டையும் நான் வருஷா வருஷம் சொல்லி, பிள்ளைகள் வருஷா வருஷம் எழுதி, நான் பத்துக்கு எட்டு போட்டு, எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம்.

கெடுத்தவன் செய்யது. கடையநல்லூர்ப் பையன். தகப்பனார் சவூதியில், பெரியப்பாவுக்கு ஜவுளிக்கடை. வகுப்பில் பாதி நேரம் தூங்குவான், விலை என்ற சொல் காதில் விழுந்தால் விழித்துக்கொள்வான். ஒருநாள் எழுந்து நின்றான்.

“சார், அங்கன பணமே கெடையாதுன்னா அடிமைய வாங்குனவன் எதக் குடுத்து வாங்குனான்?”

வகுப்பு சிரித்தது. “உக்காருலே, அது சிலபஸ்ல இல்ல” என்றேன். வாத்தியார்களுக்கு என்று ஒரு கோட்டை உண்டென்றால் அது சிலபஸ்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் எந்தப் படையும் நுழைய முடியாது. ஆனால் அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. நியாயமான கேள்வி. கையிலிருந்த சாக்பீஸுக்குக் கூடத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை.

அது குற்றாலச் சீசன் நேரம். சாரல் விழுந்தால் எங்கள் கல்லூரியில் பாதிப் பேர் அருவியில்தான் வருகை கொடுப்பார்கள். ஆள் இல்லாத வகுப்புகளை விட்டுவிட்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். யாரும் எடுக்காததால் புதிதாகவே இருந்த புத்தகங்களைப் பிரித்தேன். வேலையில் சேர்ந்து இருபது வருஷம் கழித்து என் பாடத்தைப் படித்த பெருமை எனக்கு உண்டு.

பணம் இருந்தது. விதவிதமாக இருந்தது. தங்கப் பொடி, உப்புப் பாளம், இரும்புக் கம்பி, செப்பு வளையம், நெய்த துணி. மேற்குக் கரையில் பல இடங்களில் சோழி. அந்தச் சோழி எங்கிருந்து போனது என்று பார்த்தால் நமக்குப் பக்கத்தில் இருக்கிற மாலத்தீவிலிருந்து. அடிமைக் கப்பல்கள் வந்த காலத்தில் ஆளை வாங்கக் கொடுத்த சரக்கில் நம் சோழமண்டலக் கரையில் நெய்த நீலத் துணியும் இருந்தது. இந்த இடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். அதுவரை ஆப்பிரிக்கா எனக்கு வேறு யாரோ வீட்டு விவகாரமாக இருந்தது.

அடிமை முறையும் கப்பலுக்கு முன்பே இருந்தது. ஆனால் சங்கிலியும் சாட்டையுமாக நாம் நினைக்கிற மாதிரி எல்லா இடத்திலும் இல்லை. பல சமூகங்களில் அடிமை என்றால் உறவு இல்லாதவன். போரில் பிடிபட்டவன், பஞ்சத்தில் விற்கப்பட்ட பிள்ளை, தண்டனையாக ஊரை விட்டு விலக்கப்பட்டவன். கடனுக்கு அடகு வைக்கப்பட்ட ஆளும் உண்டு, ஆனால் அவன் வேறு. அவனை மீட்க என்றைக்காவது சித்தப்பனோ மாமனோ வந்து வாசலில் நிற்பான். அடிமைக்கு அப்படி வந்து கேட்க ஒருத்தரும் கிடையாது. அவன் வயலில் உழைக்கலாம், படையில் சேரலாம், ராஜாவுக்கு மந்திரியாகக்கூட ஆகலாம். பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த வீட்டு மனிதர்களாகவே ஆகிவிடுவார்கள். சண்டை வரும்போது மட்டும் யாராவது ஒருவர் பழசை ஞாபகப்படுத்துவார்.

நான் வாசுதேவநல்லூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். தாத்தா காலத்தில் வயலில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட பண்ணையாட்கள் இருந்தார்கள். அடிமை என்று நாங்கள் சொல்ல மாட்டோம், மரியாதையான குடும்பம். ‘நம்ம வீட்டு ஆளு’ என்போம். ஆப்பிரிக்காவிலும் எஜமானர்கள் பல இடங்களில் ‘வீட்டுப் பிள்ளை’ என்றுதான் சொன்னார்களாம். அந்தப் பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அப்போதே திரும்பி வந்து மிச்சத்தையும் யோசித்திருந்தால் பின்னால் வந்த அவமானம் மிச்சமாகியிருக்கும்.

யோசிப்பதற்குப் பதிலாக எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இருபது வருஷம் நோட்டு வாசித்தவனுக்கு உற்சாகம் வந்தால் ஆபத்து. பாடத்தை விளையாட்டாக நடத்துவது என்று முடிவு செய்தேன். பேரருவிக்குப் போகிற வழியில் சங்கு, பாசி விற்கிற கடையில் போய் இரண்டு படி சோழி கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எதுக்கு அண்ணாச்சி, பிரசன்னம் பாக்கியளா?”

“இல்ல, காலேஜுக்கு.”

“காலேஜ்லயும் சோசியம் வந்துட்டா?” என்று சொல்லிக்கொண்டே அளந்து போட்டார். மறுநாள் ஆசிரியர் அறையில் வேதியியல்காரர் ரகசியமாக என் பக்கத்தில் வந்து, தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டார்.

விளையாட்டு இதுதான். மூன்று சுற்று. முதல் சுற்றில் கப்பல் கிடையாது. ராஜா, விவசாயிகள், வியாபாரிகள், கைதிகள். கைதிகளை வீடுகள் சேர்த்துக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் வீட்டு மனிதர்களாவார்கள். இரண்டாம் சுற்றில் கப்பல் வரும், சோழியும் துணியும் குவியும். ராஜாவுக்கு வேறு எதை விற்பதையும்விட ஆளை விற்பது லாபம் என்று தெரியும். ஆள் பிடிப்பதற்கென்றே சண்டை வரும், சின்னக் குற்றத்துக்கும் தண்டனை கப்பல்தான் என்றாகும், அடகு ஆளும் மீட்க வருவதற்குள் கப்பல் ஏறிவிடுவான். சோழி குவியக் குவிய அதன் மதிப்பு இறங்கும். மூன்றாம் சுற்றில் கப்பல்காரன் இனி ஆள் வேண்டாம், பனை எண்ணெய் போதும் என்பான். அப்போது விடுதலை வரும் என்று வகுப்பு நினைக்கும். வராது. எண்ணெய் ஆட்டவும் சுமக்கவும் ஆள் வேண்டும் என்று உள்ளூரிலேயே அடிமைகள் கூடிப்போவார்கள். அந்த இடத்தில் வகுப்பு திகைத்து நிற்கும், நான் முழங்குவேன், பெல் அடிக்கும். இதுதான் என் திட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை. நாற்பத்திரண்டு பேர். யார் யார் என்ன வேஷம் என்று பிரிக்க வேண்டும். பேர் பேராகச் சொன்னால் நேரம் ஆகும். மேஜையில் வருகைப் பதிவேடு இருந்தது. “ஒண்ணுலருந்து ஆறு வரைக்கும் ராஜாவும் அரசவையும். ஏழுலருந்து இருபது விவசாயி. இருபத்தொண்ணுலருந்து முப்பத்துநாலு வியாபாரி. மிச்சம் இருக்கிற எட்டு பேரும் கைதி, ஜன்னல் ஓரமா போய் நில்லுங்க.” அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. கயிறு வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். கூடாது என்றேன். கயிறு வேண்டாம் என்று சொன்ன என் பண்பாட்டை நானே மெச்சிக்கொண்டேன். அதற்குப் பதிலாக ஒரு விதி வைத்தேன். கைதி பேசக் கூடாது. அவனுக்காகக் கேட்க ஆள் கிடையாது என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டுமே.

முதல் சுற்று மந்தமாகப் போனது. இரண்டாம் சுற்றில் வகுப்பு களை கட்டியது. ராஜா மேஜையில் சோழி குவிந்தது. செய்யது முழு விழிப்பில் இருந்தான். பதினைந்து கேட்ட ராஜாவிடம் பேரம் பேசி ஒரு கைதியைப் பன்னிரண்டு சோழிக்கு முடித்தான். அந்தக் கைதியின் பேர் முத்துமாரி. சுரண்டைப் பக்கத்துப் பெண், தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள், அம்மா பீடி சுற்றுகிறவர். நான் திருத்துகிற விடைத்தாள்களில் நோட்டில் இல்லாத வாக்கியம் இருந்தால் அது அவளுடையதாகத்தான் இருக்கும். அவள் ஜன்னல் ஓர வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

“சார், ஒண்ணு கேக்கணும்.”

“ஏட்டி, அடிம பேசப்பிடாதுல்லா” என்றான் ராஜாவாக இருந்த பையன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன், விளையாட்டு விதி பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டதே என்ற ஆசிரிய சந்தோஷத்தில்.

அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். “இங்கன நிக்க எட்டு பேரும் யாருன்னு தெரிஞ்சு நிறுத்துனியளா, தெரியாம நிறுத்துனியளா?”

அப்போதுதான் பார்த்தேன். எட்டுப் பேரும் பட்டியல் சாதிப் பிள்ளைகள். எட்டில் ஒருவர்கூட வேறு இல்லை. திரும்பி அரசவையைப் பார்த்தேன். அங்கே எங்கள் மாதிரி குடும்பத்துப் பிள்ளைகள். நடுவில் இருப்பவர்களும் ஊரில் எந்த வரிசையில் இருப்பார்களோ அந்த வரிசையில். நான் ஆப்பிரிக்காவை நடத்துவதாக நினைத்து எங்கள் ஊரை அப்படியே அறைக்குள் நிறுத்தி வைத்திருந்தேன். அவள் ராஜா மேஜைக்குப் போய்ப் பன்னிரண்டு சோழியை எண்ணி எடுத்துச் செய்யது கையில் வைத்தாள். “இந்தாலே, ஒன் சோழி” என்றாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மற்ற ஏழு பேரும் பின்னால் போனார்கள்.

சாயங்காலத்துக்குள் வீடியோ வகுப்பின் வாட்ஸப் குழுவில் இருந்தது. அரசவையிலிருந்து ஒருவன் எடுத்தது, கீழே சிரிக்கிற பொம்மை வேறு. இரவுக்குள் எட்டுப் பேரின் ஊர்களுக்கும் போய்விட்டது. அதில் என் சிரிப்பு தனியாகக் கேட்கும். எனக்கு இவ்வளவு கனத்த சிரிப்பு உண்டு என்று அதுவரை தெரியாது.

சனிக்கிழமை காலை முதல்வர் கூப்பிட்டார். அவர் யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். எந்தப் பிரச்சினையும் தன் மேஜையில் உட்காரக் கூடாது என்பது மட்டுமே அவருடைய கொள்கை. திங்கட்கிழமை பெற்றோர்களும் ஊர்க்காரர்களும் வருவார்கள் என்றார். ஒரு தாளை நகர்த்தினார். சீட்டுக் குலுக்கிப் போட்டு வேஷங்கள் பிரிக்கப்பட்டன, அவ்வாறு அமைந்தது தற்செயலே என்று தட்டச்சு செய்து, கீழே என் பேர் போட்டிருந்தது.

“கையெழுத்துப் போட்டுருங்க சார். உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். எதுக்கு வம்பு?”

“திங்கக்கிழமை போடுறேன்” என்றேன். வீரம் என்று நினைக்காதீர்கள். பேனா இல்லை என்று சொல்ல நினைத்தேன், சட்டைப் பையில் தெரிந்துகொண்டிருந்தது.

வெளியே வந்து அலுவலகத்தில் ஆறுமுகத்தைப் பிடித்தேன். பதிவேட்டை எழுதுகிற கிளார்க் அவர்தான். இந்த வரிசை எப்படி வந்தது என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

“அப்ளிகேசன கம்யூனிட்டி வாரியா கட்டு கட்டா கட்டி வச்சிருப்பேன் சார். ஸ்காலர்ஷிப் பாரம் போட வசதி. அந்தக் கட்ட அவுத்து அப்படியே ரிஜிஸ்டர்ல ஏத்திருவேன். நான் வந்த நாள்லருந்து இப்படித்தான். இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொன்னதில்லயே.”

அது உண்மை. யாரும் சொன்னதில்லை. இருபது வருஷம் அந்தப் பதிவேட்டைத் தினமும் மேலிருந்து கீழாக வாசித்தவன் நான். கடைசி நம்பர்களுக்கு வரும்போது குரல்கள் மெதுவாகும் என்பதைக்கூடக் கவனித்திருக்கிறேன். பின்பெஞ்சுக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கையில் இருந்த ஏடே தெரியவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் செய்யது நான்கைந்து பேரோடு நின்றான்.

“சார், முத்துமாரி டிசி வாங்கப் போறாளாம். திருப்பூர்ல அவ அக்கா வேல பாக்குற கம்பெனிக்கே போறாளாம். அவிய அம்மா திங்கக்கிழம வருதாவ.”

அவர்கள் தெருவிலிருந்து பட்டப்படிப்புக்கு வந்த முதல் பெண் அவள். மூன்றாம் வருஷம். இன்னும் ஒரே ஒரு பருவம் பாக்கி. பன்னிரண்டு சோழிக்கு நான் நடத்திய பேரத்தில் அந்தப் படிப்பு போகப்போகிறது.

செய்யது ஒரு தாளை நீட்டினான். “நீங்க கவலப்படாதீய சார். ஆபீஸ்ல என்ன எழுதுதாவன்னு நேத்தே கேள்விப்பட்டோம். சீட்டு குலுக்கித்தான் போட்டோம்னு நாங்க எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம். முப்பத்துநாலு பேரு. ஒருத்தன்கூட விடல.”

அந்தத் தாளை வாங்கிக்கொண்டேன். பெருமையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இருபது வருஷத்தில் பிள்ளைகள் எனக்காகச் செய்த முதல் காரியம். பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டாம் தடவை வாசிக்கும்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை அதே முப்பத்துநாலு பேரும் அதே அறையில்தான் இருந்தார்கள். அந்த எட்டுப் பேருக்காக ஒரு வாய் திறக்கவில்லை. எனக்காக ஒரே ராத்திரியில் முப்பத்துநாலு கையெழுத்து. உறவு உள்ளவன் யார், இல்லாதவன் யார் என்று நான் புத்தகம் பார்த்துச் சொன்னதைப் பிள்ளைகள் எனக்கு எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் மனைவி விஷயத்தைக் கேட்டாள். கேட்டு முடித்ததும், “சீட்டுக் குலுக்குனியளா?” என்றாள்.

“இல்ல.”

“பெறவு அதுல யோசிக்க என்ன இருக்கு?” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். பென்ஷன் இருக்கிறது என்று அவளுக்குப் பின்னாலேயே போய்ச் சொன்னேன். அவள் கழுநீரைத் தொட்டியில் ஊற்றினாள்.

திங்கட்கிழமை முதல்வர் அறையில் மேஜைமேல் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று என் கையெழுத்துக்குக் காத்திருந்த சீட்டுக் குலுக்கல். மற்றது முத்துமாரியின் டிசி விண்ணப்பம். அவளும் அம்மாவும் நின்றார்கள், கூட ஊர்க்காரப் பையன்கள் இரண்டு பேர். உட்காரச் சொல்லியும் அம்மா உட்காரவில்லை. முதல்வர் இனிமையாகத் தொடங்கினார்.

“சீட்டுப் போட்டதுல அப்படி வந்திருச்சும்மா. தற்செயல்தான். சாரே சொல்லுவாங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்கு எட்டு நிமிஷத்துக்குக்கூட தைரியம் இல்லை. “சீட்டே போடல சார்” என்றேன்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். நான் நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொன்னேன். பதிவேட்டைப் பார்த்து நம்பர் சொன்னேன். அந்த வரிசை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், இருபது வருஷம் வாசித்தவன். இந்தப் பிள்ளை கேட்டபோது சிரித்தேன். இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

முத்துமாரியின் அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். “தெரியாம நிறுத்துனதுக்கு நாங்க வரல சார். ஆயிரம் பேரு தெரியாம செய்தாவ, எல்லார்ட்டயும் போயிக் கேக்க முடியுமா? எம்புள்ள கேக்கும்போது சிரிச்சியள்லா, அதுக்குத்தான் வந்தோம்.”

மன்னிச்சிருங்க என்று சொன்னேன். அம்மா தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முத்துமாரி மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“சார் பாடம் நல்லாத்தான் நடத்துனாவ. அடிமன்னா அவனுக்காக வந்து கேக்க ஆளு இல்லாதவன்னு சொன்னாவ. முப்பத்துநாலு பேரு இருந்தாவ, ஒருத்தரும் கேக்கல. எனக்குப் பாடம் நல்லா வெளங்கிட்டு.”

நான் சட்டைப் பையிலிருந்து செய்யது கொடுத்த தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். யாரையும் மாட்டிவிட அல்ல, அது அவள் பார்க்க வேண்டிய தாள் என்று தோன்றியது. அவள் முப்பத்துநாலு கையெழுத்தையும் நிதானமாகப் படித்தாள். சிலவற்றின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். எல்லாரும் அவளோடு மூன்று வருஷம் படித்தவர்கள்.

“எனக்கு ஒரு பீரியடு வேணும்” என்றாள். “அதுவரைக்கும் டிசி எழுதாண்டாம்.”

முதல்வர் என்னைப் பார்த்தார். இரண்டாவது மணி ஆப்பிரிக்காதான் என்றேன்.

வகுப்பில் நான் முதலில் நடந்ததைச் சொன்னேன். சீட்டுக் குலுக்கியதாக யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம் என்றேன். பிறகு மேடையை விட்டு இறங்கி முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். முத்துமாரி ஒரு நோட்டைக் கிழித்துச் சீட்டுகளாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். கூட நின்ற ஏழு பேருக்குக் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தாள்.

“அன்னைக்கு ஏன் கேக்கலன்னு எழுதுங்க. பேரு போடாண்டாம். வேற ஒண்ணும் எழுதாண்டாம்.”

அப்படி ஒரு அமைதியைப் பல்கலைக்கழகத் தேர்விலும் நான் பார்த்ததில்லை. ராஜா பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். எழுதி முடித்ததும் அவள் சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தாள். விளையாட்டுன்னு நெனச்சேன். சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நான் கவனிக்கவே இல்ல. கவனிச்சேன், சொன்னா என்னயும் அங்கன போயி நிக்கச் சொல்லுவாவளோன்னு பயம். இதே மாதிரி நாலைந்து வந்தன. அவற்றுக்கு நடுவில் இதுவும் இருந்தது. பன்னெண்டுக்குக் கெடச்சிட்டுன்னு சந்தோசமா இருந்தேன். பேர் இல்லை, தேவையும் இல்லை. செய்யது பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவனுடைய பெரியப்பாவைப் போலத் துணி விற்ற அந்தக் காலத்து வியாபாரிகளும் ஆப்பிரிக்கக் கரையில் இப்படித்தான் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று நான் பின்னால் அவனிடம் சொன்னேன். “அத ஏன் சார் இப்ப சொல்லுதிய” என்றான்.

கடைசியில் என் சீட்டு. சிவப்பு மையில் எழுதியதால் அதற்கும் பேர் தேவைப்படவில்லை. ‘எல்லாரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது.’ அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு என் கையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து அதில் ஏதோ எழுதி, மடித்து என்னிடம் தந்தாள். பெல் அடித்தது.

பிறகு நடந்தவை சுருக்கம். எனக்கு மெமோ வந்தது. துறைத்தலைவர் பதவி என் தலைக்கு மேலே பறந்து வேதியியல்காரரின் மைத்துனரான எங்கள் துறை ஆளிடம் போனது. பென்ஷன் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. டிசி விண்ணப்பம் ஆறுமுகத்தின் மேஜையில் இரண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் முத்துமாரி வகுப்பில் உட்கார்ந்து, “மூணாவது சுத்து என்ன சார்?” என்றாள். விளையாட்டு இல்லாமலே நடத்தினேன். நான் விடாமல் கேட்டதால் ஆறுமுகம் அந்த விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அகர வரிசையில் புதுப் பதிவேட்டுக்கு வரைவு எழுதினார். அதில் அவள் நடுவில் எங்கோ வந்தாள், ராஜாவாக இருந்தவன் கடைசிக்கு முந்தின ஆள். ஸ்காலர்ஷிப் பாரம் போடக் கஷ்டமாக இருக்கிறது என்று ஆறுமுகம் நான் ஓய்வு பெறும்வரை முணுமுணுத்தார்.

நீங்களும் விளையாட்டு நடத்துங்கள். பழைய நோட்டை வாசிப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கையில் பதிவேடு வந்ததும் ஒரு தடவை கீழிருந்து மேலாக வாசித்துவிடுங்கள். அதை எழுதியது யார், எந்தக் கட்டை அவிழ்த்து எழுதினார் என்று கேளுங்கள்.

முத்துமாரி மடித்துத் தந்த அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. பிள்ளைகளின் விடைத்தாள்களில் இருபது வருஷமாக நான் எழுதிவந்த அதே சொற்களை அவள் எழுதியிருந்தாள். ‘விளக்கம் போதாது.’ பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு ஐந்துக்கு ஒன்று. மறுமதிப்பீட்டுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை.